பத்து வெள்ளி பந்தம்



வேலையிடத்தில் ஒற்றுமை வேண்டுமென்று குடும்ப தினம் வைக்கிறார்கள். ஒரே நிறத்தில் டீ-சட்டையும் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை லிஃப்டில், அதை அணிந்திருந்த இருவர் பேசாமல் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறார்கள்!

உண்மையான ஒற்றுமை எப்படி வரும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். நாட்டின் சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பாட்டாளிக்கு வேலையோடு லயத்து வீடும் பறிபோனது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் வெட்டியவர்கள் சொற்பச் சம்பளத்தில் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், தோட்டத்துக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். பக்கத்தில் நிற்பவனின் உழைப்பில் தன் பங்கும் இருக்கிறது என்றால், அவன் நலத்தை விசாரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாளிமார்களே, விருந்து வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, அடுத்த மாத வேலை நேரத்தை முடிவு செய்யும்போது தொழிலாளர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். லாபம் வந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.