குண்டா இருந்தா மயக்க மருந்து தாங்காதா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



1989-ல் நம் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய நாள் முதல் சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று நம் மூச்சைப் பற்றிப் பேசுவோம்.

பித்தப்பையில் கல் என்றால் இப்போது பெரும்பாலும் சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோபி மூலம் எடுக்கிறார்கள். ஆனால் உடம்பு பருத்த சகோதரிகள், "மயக்கத்துலயே போயிடுவோம்" என்று பயந்து, வலியோடு நாள் கடத்துகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். அதைச் சமாளிக்க வழியும் இருக்கிறது.

உள்ளே கருவி நடமாட இடம் வேண்டுமே! அதற்காகக் கரியமில வாயு ஏற்றி வயிற்றை உப்ப வைப்பார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளும். கொழுப்பின் பாரமும் சேர்ந்தால், நுரையீரலின் அடிப்பக்கக் காற்றறைகள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் நமக்காக மூச்சு விடுவது வென்டிலேட்டர்தான்.

பெரிய உடம்புக்குப் பெரிய மூச்சா? இல்லை. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை; அது உயரத்துக்குத் தக்கது. ஐந்தடி உயரப் பெண் 90 கிலோ இருந்தாலும், 45 கிலோ என்றே கணக்கிட்டு, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி வீதம் காற்று கொடுப்பார்கள். அதாவது ஒரு மூச்சுக்கு 270 முதல் 360 மில்லி. அளவுக்கு மீறித் திணித்தால் நுரையீரல் புண்படும்.

காற்றறை மூடாமலிருக்க, மூச்சு வெளியே போன பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பார்கள். அதையும் எல்லோருக்கும் கூட்டி வைத்தால் நல்லது என்று சொல்ல முடியாது. 23 நாடுகளில் பருமனானவர்களிடம் நடந்து, 2019-ல் வெளிவந்த ஆய்வில், கூடுதல் அழுத்தத்தால் நுரையீரல் தொந்தரவு குறையவில்லை. ஆளைப் பார்த்துத்தான் அளவு.

அந்த அளவு சரியாக அமைய, மயக்க மருந்து டாக்டரிடம் நாம் இவற்றை மறைக்கக் கூடாது:

* குறட்டை, தூக்கத்தில் மூச்சு முட்டி விழிப்பது
* ஆஸ்துமா, சர்க்கரை, பி.பி., சாப்பிடும் மாத்திரைகள்
* பீடி, புகையிலைப் பழக்கம்
* கடைசியாகச் சாப்பிட்ட நேரம். "கொஞ்சம் கஞ்சிதானே" என்று இருந்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் முடிந்தபின் டாக்டர் சொல்கிறபடி தலைப்பக்கம் உயர்த்திப் படுங்கள், ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள், சீக்கிரம் எழுந்து நடங்கள்.

எடையைச் சொல்ல வெட்கம் வேண்டாம். ஆபரேஷனுக்குப் போகும் உறுப்பினருக்குத் துணையாகக் குழுவிலிருந்து ஒருவராவது போவோம். இதை உங்கள் குழுக் கூட்டத்திலும் படித்துக் காட்டுங்கள்.