பேச்சிழந்தவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது

(மஹல்லா ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயாளியை நலம் விசாரிப்பதில் நமது மஹல்லாவாசிகள் குறை வைப்பதில்லை. ஒருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டார் என்று அஸருக்குச் செய்தி வந்தால் மஃரிபுக்குள் வீடு நிறைந்துவிடும். ஆயினும் சென்ற இடத்தில் செய்யப்படும் உபசாரமும், பேசப்படும் பேச்சும் அந்நோயாளிக்கே இடராக முடிவதைப் பல வீடுகளில் கண்டு வருகிறோம். ஆகவே அதுபற்றி இன்று பேச விழைகிறோம்.

முதலில் தண்ணீர். மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டாலோ, இரத்தக் குழாய் வெடித்தாலோ, கையும் காலும் மட்டுமன்றி நாவும் தொண்டையும் தளர்ந்து போவதுண்டு. தொண்டையில் உணவுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. விழுங்கும் கணத்தில் மூச்சு வழி மூடிக்கொள்ள வேண்டும். தளர்ந்த தொண்டையில் அது உரிய நேரத்தில் மூடாமையால், விழுங்கியது நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. பலருக்குக் கெட்டியான கூழைக் காட்டிலும் விரைந்து ஓடும் தண்ணீரே ஆபத்தானது. புரையேறினால் இருமல் வந்து காட்டிக்கொடுக்கும் என்றும் நம்புவதற்கில்லை. உணர்ச்சி மரத்த தொண்டையில் இருமலே இன்றியும் இறங்கும். பின்னர் காய்ச்சல், நிமோனியா. பக்கவாதத்திலிருந்து தப்பியவர் நிமோனியாவில் மௌத்தாகிறார்.

இந்நிலையில்தான், "வாய் வறண்டு கிடக்கிறதே" என்று இரங்கி, படுத்திருப்பவரின் வாயில் ஜம்ஜம் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சக்கராத் நிலையில் இருப்பவரின் நாவை நனைப்பது வேறு. பிழைத்தெழ வேண்டியவரின் தொண்டையில் ஊற்றுவது வேறு. விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து அனுமதி தரும்வரை தேனும் வேண்டாம், ஜம்ஜமும் வேண்டாம், ஓதிய தண்ணீரும் வேண்டாம். ஓதி அவர்மீது ஊதினால் போதும். மூக்கில் குழாய் போட்டிருப்பதைக் கண்டு, "இதைப் பிடுங்கிவிட்டு இரண்டு வாய் கஞ்சி கொடுங்கள்" என்பாரும் உளர். அன்னார் தமது யோசனையைச் செருப்போடு வாசலிலேயே விட்டு வருவது நலம்.

வாய்வழி உணவுக்கு அனுமதி கிடைத்தபின் நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். ஒரு வாய் உள்ளே சென்றதை உறுதிசெய்துகொண்டே அடுத்த வாய். அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கலாகாது. குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் பருக்கை தங்கும், துடைத்தெடுக்க வேண்டும். வாய் அசுத்தமாக இருந்தால் நிமோனியாவுக்கு அது துணை போகிறது. மிஸ்வாக்கின் சிறப்பைக் கேட்டு வளர்ந்த சமுதாயம், படுக்கையில் கிடப்பவரின் பல்லையும் நாவையும் சுத்தம் செய்யாமல் நாட்கணக்கில் விடுவது எவ்வகையிலும் முறையன்று.

அடுத்தது பேச்சு. 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகர் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே அவரது விடை. ஆனால் பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கியது. அவர் இறந்தபின் பால் புரோக்கா என்ற மருத்துவர் மூளையைச் சோதித்தபோது, இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். அங்கே அடி விழுந்தால் அறிவு இருக்கும்; சொல் வராது. அதே பக்கத்தில் சற்றுப் பின்னால் அடிபட்டோர் சரளமாகப் பேசுவர். பொருள் இராது, பிறர் பேச்சும் விளங்காது. இன்னும் சிலருக்கு மொழி முழுதாக இருக்கும்; நா மட்டும் தளர்ந்து குழறும். இவர் எழுதிக் காட்டிவிடுவார். மூன்றையும் "புத்தி பேதலித்துவிட்டது" என்ற ஒரே சொல்லால் நம்மவர் முடித்துவிடுகிறார்கள். அதையும் அவர் கட்டிலருகே நின்றே கூறுகிறார்கள்.

ஒரு வீட்டில் தாய் சொன்ன குறை இது: "பெற்ற மகன் பெயர் வரவில்லையாம். ஆனால் அல்ஹம்து சூராவைத் தடங்கலின்றி ஓதுகிறார். நடிக்கிறார் ஹஜ்ரத்." நடிப்பன்று. சிறு பிராயம் முதல் பல்லாயிரம் முறை ஓதிப் பழகியது, கிழமைகளின் பெயர், ஒன்று இரண்டு எண்ணுவது இவையெல்லாம் தேடிக் கோத்துப் பேசும் பேச்சைப் போலன்றித் தாமாகவே வெளிவருபவை. லெபோர்னுக்கும் கோபம் வந்தால் ஒரு வசைச் சொல் மட்டும் முழுதாக வந்ததாம். எனவே ஓத முடிகிறவரை ஓத விடுங்கள். அதைச் சாட்சியாக்கி அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஓதவே இயலாமற் போனவர் மீது, இயலாத அளவுக்கு அக்கடமை இல்லை. தொழுகை செல்லாது என்று அவரை அழவைக்க வேண்டாம்.

ஜமாஅத்தார் இன்னொன்றில் விழிப்பாயிருக்க வேண்டும். படுத்துவிட்டவரிடம் சொத்துப் பத்திரத்தை நீட்டி, "சம்மதம்தானே வாப்பா?" என்று கேட்டு, தலையசைத்தார் என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு, நம்மைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஊமையின் அறியப்பட்ட சைகை பேச்சின் இடத்தில் நிற்கும் என்பது ஃபிக்ஹ் சட்டத்தில் உள்ளதே. ஆனால் மொழி சிதைந்தவர் 'இல்லை' என எண்ணி 'ஆம்' என்று தலையசைப்பது சாதாரணமாக நிகழ்வது. அவசரமில்லாத பத்திரம் காத்திருக்கட்டும். அவசரமெனில் கேள்வியைத் திருப்பிப் போட்டும், வேறு நாளிலும், மருத்துவர் முன்னிலையிலும் கேட்க வேண்டும். ஒற்றைத் தலையசைப்புக்கு நாம் சாட்சி நிற்க மாட்டோம். இதை நிர்வாகம் தீர்மானமாகவே எழுதி வைப்பது நல்லது.

அவரிடம் பேசுவதெப்படி? சிறு சிறு வாக்கியமாக, ஒருவர் மட்டும், முகம் பார்த்து. காது மந்தமில்லாதவரிடம் சத்தம் போடத் தேவையில்லை. "சோறா, கஞ்சியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்கலாம். சொல்லைத் தேடும்போது நாம் முந்திக்கொள்ளாமல் பொறுத்திருக்க வேண்டும். பயிற்சி தருவோர் பேச்சு, மொழி நிபுணர்கள். மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இத்துறையினரை உருவாக்கி வருகிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் மிகுதி, பின்னரும் நின்றுவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிரந்தரமான பேச்சு, மொழிக் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கை கால் நன்றாயிருப்பவருக்குச் சான்றிதழ் எதற்கு என்று எவரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம்.

திடீரென வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று சுபுஹு வரை காத்திருக்கலாகாது. அதற்கிடையே வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.