பழைய களஞ்சியத்திற்கு விடை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாபநாசத்தை அடுத்த எங்கள் கிராமத்திலுள்ள பழைய பண்ணைக் கட்டிடத்தை வருகிற தை மாதத்தில் பிரித்துவிடுவதென்று எங்கள் பங்காளிகள் யாவரும் நிச்சயித்திருக்கிறார்கள். நம்மவரில் பல குடும்பங்களுக்கு இதே நிலைமை நேர்ந்திருப்பதால், இவ்விஷயமாகச் சில வார்த்தைகள் கூறும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள்.

அக்கட்டிடம் இன்னும் இடிந்து விழவில்லை. அதற்கிருந்த வேலைகளே ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. தென்புறம் மாட்டுக் கொட்டில், நடுவில் நெற்பத்தாயம், வடபுறம் ஏர், நுகத்தடி, பரம்பு முதலியன வைக்கும் அறை, முன்னே களம். டிராக்டர் வந்தது, கொட்டில் வெறுமையாயிற்று. அறுவடை இயந்திரம் வந்தது, களத்தில் போரடி நின்றது. 1972-ஆம் ஆண்டில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. அதன் கொள்முதல் நிலையங்கள் நம் பக்கத்து ஊர்களில் திறக்கப்பட்டபின், நெல் வயலிலிருந்தே அங்குச் சென்றுவிடுகிறது. மேலே கொட்டிக் கீழ்த் துவாரத்தின் வழியே எடுத்து, ஆண்டு முழுவதும் உண்டு வந்த பத்தாயத்திற்கு இனி வேலை யாது?

"அதனைக் காப்பாற்றி வைக்கலாகாதோ?" எனச் சிலர் வினவுகின்றனர். நம் திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளுமென்பர். அதனைத் தொல்லியல் துறையார் நினைவுச் சின்னமாக ஏற்றிருக்கிறார்கள். அஃது அரசர் கட்டியது, அரசாங்கம் காக்கிறது. நம் கட்டிடமோ பனங்கையும் நாட்டு ஓடுமாக நிற்பது. கரையான் அரித்ததை ஆண்டுதோறும் மாற்றப் பட்டணவாசிகளான பங்காளிகளால் இயலாது. பாழாக விடுவதினும் மரியாதையுடன் விடைகொடுத்தல் நன்று.

விடைகொடுக்குமுன் செய்யத்தக்கன மூன்று உள.

முதலாவது, கட்டிடத்தை அளந்து படம் வரைந்து, கருவிகள் அனைத்தின் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். 12 மரக்கால் ஒரு கலமென்பதை நம் பிள்ளைகள் அறியார். விதைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்ற கணக்கைச் சாவி வைத்திருந்த பாட்டிமாரே அறிவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுக.

இரண்டாவது, மரமும் ஓடும் விற்ற பணத்தில் பெண்மக்களுக்கும் சமபங்கு தருதல். தமிழ்நாட்டில் 1989-இலும், தேசமுழுவதும் 2005-இலும் வந்த திருத்தச் சட்டங்கள் இவ்வுரிமையைக் கூறுகின்றன. குங்குமமும் ரவிக்கைத் துணியும் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது பங்கீடாகாது.

மூன்றாவதே முக்கியமானது. பத்தாயத்தை நிரப்பியவர் பத்தாயத்திற்கு உடையவரல்லர். நட்டவரும், அறுத்தவரும், சுமந்தவரும் களத்திலேயே நின்று கூலி பெற்றுச் சென்றனர்; பல வீடுகளில் அவர்கள் படியேற இடமில்லை. அவர்களைக் காக்க 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க. நம் பாட்டனார் பெருமையை மட்டும் பேசி இதனை மறைத்தல் அறமாகாது. ஆதலின் கட்டிடம் பிரிக்கும் நாளில் அவர்களுடைய வழித்தோன்றல்களை அழைத்து, நம்முடன் சமமாக அமரச் செய்து, விருந்திடுவோம். அவர்களுடைய முன்னோர் பெயர்களையும் நம் குடும்பக் குறிப்பில் எழுதுவோம். எங்கள் வீட்டில் இவ்வாறே செய்வதென்று பங்காளிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கத்தினர்கள் தத்தம் பண்ணைக் கட்டிடங்களின் குறிப்புகளை இச்சங்கப் பத்திரிகைக்கு அனுப்புவார்களாயின், அவை யாவும் அழியாமல் நிற்கும்.