முகங்காணா வாணிகம்

(கிளிநொச்சியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய சங்கத்து மேடையிலே வாணிகத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று உங்களுட் சிலர் ஐயுறலாம். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய அமர்நீதி நாயனார் யார்? சோழ நாட்டுப் பழையாறையிலே பொன்னும் மணியும் ஆடையும் விற்ற வணிகர் அன்றோ? ஆகவே வாணிகம் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று. அந்த நாயனாரிடம் இப்பேச்சின் முடிவில் மீண்டும் வருவோம். இப்போது நம் வன்னி மண்ணிலிருந்து தொடங்குவோம்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியிலே வடக்கு நோக்கி வருபவர் மாங்குளத்தைக் கடந்து முறிகண்டியை அடைகின்றார். அங்கே பிள்ளையாரை வணங்காமற் செல்லும் வாகனம் அரிது. சாரதி இறங்கித் தேங்காய் உடைக்கிறார். பிரயாணிகள் கற்பூரம் கொளுத்துகிறார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு கச்சான் பொதி கையில் இருக்கிறது. அங்குள்ள கச்சான் வியாபாரிகள் பத்திரிகையில் விளம்பரம் செய்தவர்கள் அல்லர். சனங்களை நிறுத்தி வைப்பவர் பிள்ளையார். அருகே அழைப்பது வறுபடும் கச்சானின் வாசனை. வாங்கச் செய்வது சூடாக உரித்துக் கொடுக்கும் ஒரு விதை. நிறுத்தம், வாசனை, ருசி ஆகிய இம்மூன்றும் வாணிகத்தின் பாதி வேலையைச் செய்து விடுகின்றன.

இணையத்திலே நாம் திறக்கும் கடைக்கு இம்மூன்றும் இல்லை. அங்கே எவரும் தாமாக நிற்பதில்லை. ஒரு விரலசைவிலே கடந்து போகின்றார்கள். நம் தேனை முகர முடியாது. நம் பனங்கட்டியைக் கடித்துப் பார்க்க முடியாது. விற்பவர் முகத்தையும் வாங்குபவர் காண்பதில்லை. இம்முகங்காணா வாணிகத்தை வன்னி இளைஞர் எவ்வாறு நடத்துவது என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

இது முற்றிலும் புதிய தொழில் என்று எண்ணி மயங்க வேண்டாம். 1872 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிகாகோ நகரில் மொன்ற்கொமரி வார்ட் என்பவர், பட்டணத்துக் கடைகளுக்கு வரவியலாத கமக்காரர்களுக்குப் பொருட்பட்டியல் அனுப்பித் தபால் மூலம் விற்கத் தொடங்கினார். கண்ணாற் காணாத பொருளுக்குக் கமக்காரன் காசு கொடுப்பானா? அதற்கு அவர் கண்ட வழி, திருப்தியில்லையேற் பணம் திருப்பித் தரப்படும் என்ற வாக்குறுதி. 1875 இலே அதனை அறிவித்தார். நம்மவர் பலரும் பழைய சஞ்சிகைகளிலே விளம்பரங் கண்டு வி.பி.பி. தபாலிற் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள்தாம். 1995 ஜூலையிலே அமேசன் இணையத்தில் வியாபாரந் தொடங்கியதும் புத்தகம் விற்றுத்தான். கருவி மாறியது, காணாதவனை நம்பவைக்கும் கடமை மாறவில்லை.

நம் நாட்டிலே, கடல் கடந்து வாழ்வோர் ஊரிலுள்ள உறவினருக்குப் பரிசு அனுப்பும் வழியாகக் கப்ருகா வளர்ந்தது. பலரும் தத்தம் பொருளை விற்கும் பொதுச் சந்தையாகிய டராஸ் நிறுவனத்தை 2018 இலே சீனத்து அலிபாபா வாங்கியது. 2020 மார்ச்சிலே நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, அதுவரை கைத்தொலைபேசியிற் பேச மட்டுமே அறிந்திருந்தோரும் அதில் அரிசியும் மருந்தும் கேட்டு வாங்கப் பழகினர். 2013 செப்டெம்பரிலே கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்துக்கும் புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய பின் வன்னியின் போக்குவரத்துத் தடையும் பெரிதும் நீங்கிற்று. இனிப் பாதை இல்லை என்று நாம் சாக்குச் சொல்ல இயலாது.

எதனை விற்பது? பெருநகரத்து மொத்த வியாபாரியிடம் வாங்கிய பிளாஸ்ரிக் சாமானை நாமும் விற்கப் புகுந்தால், விலையில் அவரை வெல்ல முடியாது. பிறரிடம் இல்லாதது நம்மிடம் என்ன உண்டு என்று நோக்குதல் வேண்டும். பூநகரியின் மொட்டைக்கறுப்பன் அரிசி உண்டு. முல்லைத்தீவுக் கரையின் கருவாடு உண்டு. காட்டுத் தேன் உண்டு. பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனையோலைப் பெட்டி யாவும் உண்டு. இவற்றுக்குக் காலமும் உண்டு. ஆடிப்பிறப்பிற்குக் கூழ் காய்ச்சப் பனங்கட்டி வேண்டுமென்று கொழும்பிலிருக்கும் குடும்பம் தேடும். ஆனி நடுப்பகுதியிலேயே அதனை அறிவிக்காதவன் ஆடி இரண்டாந் தேதி அறிவித்துப் பயன் என்ன?

எவ்வாறு அறிவிப்பது? முறிகண்டியிலே வாசனை செய்த வேலையை இங்கே படமும் சொல்லும் செய்ய வேண்டும். பகல் வெளிச்சத்தில் நம் பொருளையே படமெடுங்கள். பிறர் படத்தை எடுத்துப் போடாதீர்கள். நிறை எவ்வளவு, எந்த ஊரில் எப்போது செய்தது, எத்தனை நாள் இருக்கும், அனுப்பு கூலி எவ்வளவு என்ற நான்கையும் கேட்கும் முன்னரே எழுதுங்கள். தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மாத்தறையில் இருப்பவருக்கும் நல்ல தேன் வேண்டும். சர்க்கரை வியாதியைத் தீர்க்கும், மூட்டு வலியைப் போக்கும் என்று அளக்காதீர்கள். தேனைத் தேன் என்று சொன்னாற் போதும்.

முகநூலிலே காசு கொடுத்து விளம்பரஞ் செய்யலாம். எந்த ஊரார், எந்த வயதினர் காண வேண்டும் என்று தெரிந்தெடுக்கவும் முடியும். ஆனால், ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று மகிழ்ந்து போகாதீர்கள். விளம்பரத்துக்குச் செலவான தொகையை வந்த கட்டளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணே உங்கள் விளம்பரத்தின் உண்மையான மதிப்பு.

இளைஞர்களே! இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். இத்தொழிலிற் கைநொந்து போனோர் பலர், பொருள் விற்காமையால் அன்று, கணக்குத் தெரியாமையாலேயே நொந்தார்கள். ஒரு போத்தல் தேனை உதாரணமாகக் கொள்வோம். தேனின் கொள்விலை 1,500 ரூபா. போத்தலும் ஒட்டுச்சீட்டும் 120. பெட்டியும் பொதி கட்டும் செலவும் 130. அனுப்பு கூலி 400. விளம்பரத்தின் பங்கு 150. ஆக 2,300 ரூபா. விற்கும் விலை 2,500. இலாபம் 200 ரூபா.

பொருள் கைக்கு வந்தபின் காசு தருவேன் என்பதே நம் நாட்டில் பலரும் விரும்பும் முறை. பத்துப் பொதி அனுப்புகிறோம். ஒன்று திரும்பி வருகிறது என வைத்துக் கொள்வோம். ஒன்பதில் 1,800 ரூபா இலாபம். திரும்பியதிலே தேனும் போத்தலும் மிஞ்சும். பொதி கட்டல் 130, விளம்பரம் 150, போகக் கூலி 400, வரக் கூலி 400, ஆக 1,080 ரூபா நட்டம். மிஞ்சுவது 720. இரண்டு திரும்பினால்? எட்டில் 1,600 இலாபம். இரண்டில் 2,160 நட்டம். முடிவிலே 560 ரூபாவைக் கையிலிருந்து கொடுத்து, பத்துப் பொதியும் கட்டிய கூலியையும் இழந்து நிற்கின்றோம்.

ஆதலால், அனுப்புமுன் ஒரு தரம் தொலைபேசியிற் கேட்டு உறுதி செய்வது சிறு வேலையன்று. குளக்கட்டுக்கு அருகே, மதகுக்குப் பின்னால் என்று விலாசம் தருபவரிடம் கிராம சேவையாளர் பிரிவையும் இரண்டாவது தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த நாளில் வீட்டில் இருப்பார் என்று கேளுங்கள். பத்து நிமிடத்துப் பேச்சு எண்ணூறு ரூபாவைக் காக்கும்.

சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தை நாடி வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. பாவனையாளரை ஏமாற்றினால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விசாரிக்கும். உணவு விற்போர் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்கும் உட்பட்டவர்கள். பொதுச் சுகாதார பரிசோதகரைப் பகைவராக எண்ணாது முன்னரே சென்று ஆலோசனை கேளுங்கள். வெளிநாட்டுக்கு உணவு அனுப்புமுன் அந்நாட்டு விதியை விசாரித்து அறியுங்கள்.

வாங்குவோரின் பெயரையும் இலக்கத்தையும் நம் கொப்பியிலே எழுதி வைப்பதும் அவசியம். முகநூற் பக்கம் பிறர் காணியிலே போட்ட கொட்டில். காணிக்காரன் ஒரு நாள் கதவடைத்தால் நம் வாடிக்கையாளரை எங்கே தேடுவது? அவ்விவரங்களைப் பிறருக்கு விற்பதோ கொடுப்பதோ கூடாது. அவையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளே.

ஒப்படைத்த பொருள் என்றதும் நாம் செய்த தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். நாமும் சிறிதளவில் இத்தொழிலைச் செய்து வருகிறோம். ஒருமுறை கொழும்பிலுள்ள ஓர் அம்மையார் தம் மகளின் சடங்குக்கென்று பன்னிரண்டு போத்தல் தேன் கேட்டார். காசையும் முன்னரே அனுப்பிவிட்டார். பழைய கடதாசியைச் சுற்றி ஒரே பெட்டியில் அடுக்கி அனுப்பினோம். வழியில் மூன்று போத்தல்கள் உடைந்து, மற்றவை எல்லாம் தேனிலே தோய்ந்து போய்ச் சேர்ந்தன. பொதியைக் கொண்டு சென்றவர்கள் மேல் பழி போட்டுத் தப்பிவிடவே நம் மனம் முதலில் எண்ணிற்று. மூன்றுக்கு மட்டும் காசு கொடுத்தாற் போதும் என்று பின்னர் எண்ணிற்று. அன்று இரவு வீட்டிலிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, காசை வாங்கினது நீயா, லொறிக்காரனா?" மறுநாள் முழுத் தொகையையும் திருப்பி அனுப்பினோம். அம்மாதத்து இலாபம் அதோடு போயிற்று. அந்த அம்மையார் மீண்டும் நம்மிடம் வாங்கினாரா எனில், இல்லை. ஆனால் நம்மைப் பற்றி ஒரு தீச்சொல்லும் அவர் எழுதவில்லை. அன்று முதல் ஒவ்வொரு போத்தலையும் தனித்தனியே உறையிட்டு, இடையிலே அட்டை வைத்து, பெட்டியை ஆட்டிப் பார்த்து, சத்தம் வராவிட்டால் மாத்திரமே அனுப்புகிறோம்.

இப்பொழுது அமர்நீதி நாயனாரிடம் திரும்புவோம். பிரமசாரி வடிவிலே வந்த இறைவர் ஒரு கோவணத்தை அவரிடம் ஒப்படைத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அது காணாமற் போயிற்று. ஒத்த நிறையுள்ள வேறொன்று தருக என்று தராசு நாட்டப்பட்டது. தம்மிடமிருந்த ஆடைகளையும் பொன்னையும் மணியையும் இட்டும் தட்டு நேர்நில்லாமையால், மனைவியுடனும் மைந்தனுடனும் தாமே தட்டில் ஏறினார். அப்போதே தராசு சமநிலை அடைந்தது. பக்தியின் பெருமையைச் சொல்வது இவ்வரலாறு. எனினும் வணிகருக்கு அதில் ஓர் உபதேசமும் உண்டு. பிறர் நம்பித் தந்த பொருள் கெட்டபோது அவர் காற்றின் மேலும் பழி சொல்லவில்லை; கள்வன் மேலும் பழி சொல்லவில்லை.

1990 களிலே பொருளாதாரத் தடை நிலவியபோது, மண்ணெண்ணெய்யும் சவர்க்காரமும் கிடைத்தற்கரியனவாய் இருந்த நாட்களை இங்குள்ள பெரியோர் மறந்திரார். அப்போது பதுக்கி விற்றவரையும் ஊர் அறியும். கடன் கொப்பியிலே எழுதிக் குழந்தைப் பால்மா கொடுத்தவரையும் ஊர் அறியும். யுத்தத்திலே கடைகள் அழிந்தன, கொப்பிகளும் அழிந்தன. அந்தப் பெயர்கள் அழியவில்லை. மீண்டும் வந்து தகரக் கொட்டிலிற் கடை போட்டபோது, நல்ல பெயருடையவரிடமே சனங்கள் முதலிற் போனார்கள்.

இணையத்து வாணிகமும் அவ்வாறே. ஒரு வன்னி இளைஞன் கலப்புத் தேனை அனுப்பினால், வாங்கியவர் அவன் பெயரை மறந்து விடுவார். "வன்னித் தேன் இப்படித்தான்" என்பதை மறக்க மாட்டார். தேனெடுக்கக் காட்டுக்குப் போனவர், பனங்கட்டி காய்ச்சிய தாய், கருவாடு உலர்த்திய விதவைப் பெண் ஆகிய அனைவரது உழைப்பும் அப்பொதியினுள்ளே இருக்கிறது. அவர்கள் வாய்க்குள் நாம் மண்ணைப் போடலாகாது.

ஆகவே, இளைஞர்களே! பத்துப் பொதியுடன் தொடங்குங்கள். பதினோராவதைக் கட்டுமுன் முதற் பத்தின் கணக்கைப் பாருங்கள். கடையிலே முகம் தெரியாது. ஆனால் பொதியைப் பிரிக்கும்போது நம் குணம் தெரிந்துவிடும். முறிகண்டிப் பிள்ளையார் உங்கள் முயற்சிக்குத் துணைநிற்பாராக.