வீட்டுப் பெண்களுக்கும் ஒரு பரிசோதனை

விதைக்கும் முன்னே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள். வீட்டுப் பெண்களின் இரத்தக் கொதிப்பை என்றைக்காவது பார்த்ததுண்டா?

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கேட்டால், "களை எடுக்கிற உடம்புக்கு நோய் வருமாங்க?" என்கிறார்கள். வரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடினால் கொதிப்பு ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? பிரசவத்தோடு மறைந்தாலும், பின்னாளில் திரும்ப வரக்கூடும். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொதிப்பு 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள். நடவு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.