மேற்படிப்புக்குக் கடல் கடக்குமுன்

(பொன்விழாவை ஒட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "சாமி, இந்தக் கூட்டத்துக்குப் பிரசங்கம் வேண்டாம். வெளிநாட்டிலே மேற்படிப்புக்கு எப்படித் தயாராவது, எப்படி மனுப் போடுவது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பிரசங்கம் வேண்டாமென்று இவ்வளவு மரியாதையாக நம்மிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் காரியமாக அறைவீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் வருகிறார்கள். ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டியாகிவிட்டது. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகத் தயாராக இருக்கிறது. நம்மிடம் வேண்டுவது ஒரு நற்சான்றுக் கடிதம். எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, அங்கே பாடம் நடத்துகிறவர் யார் என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜென்ட்டுக்குத் தெரியும், சாமி" என்று பதில் வருகிறது. தகப்பனும் தாயும் இருபது ஆண்டு பாடுபட்டுக் கட்டிய வீடு அடமானத்துக்குப் போகிறது; படிக்கப் போகிறவனுக்குத் தெரியாதது ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது! இது நமக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

மேற்படிப்புக்கு மனுப் போடுவது பாரம் நிரப்புகிற வேலை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே உட்கார்ந்து மனுக்களைப் படிக்கிற பேராசிரியர் தேடுவது வேறு. இந்த மாணவன் தானாக ஏதாவது வேலை செய்திருக்கிறானா? அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர் யாராவது அதைப் பற்றி எழுதியிருக்கிறாரா? இவற்றைத்தான் அவர் பார்க்கிறார்.

கணித மேதை இராமானுஜன் கதை நீங்கள் அறிந்ததே. ஆனாலும் அவர் எழுதிய கடிதத்தை மேற்படிப்புக்கு மனுப் போடுகிற மாணவன் கண்கொண்டு ஒருமுறை பார்க்க வேண்டும். கும்பகோணத்துக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். பட்டம் கிடையாது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதியிட்டுக் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அங்கேயே வேறு இரண்டு அறிஞருக்கு எழுதிப் பயனில்லாமல் போயிற்று. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம் வறுமையை விவரித்து இரக்கம் தேடவில்லை. தம் நிலையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, தாமே கண்டுபிடித்த நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகளை இணைத்து அனுப்பினார். அதுவும் யாருக்கு? தாம் வாசித்திருந்த ஒரு புத்தகத்தை எழுதியவருக்கு. அதில் விடையில்லை என்று அவர் சொல்லியிருந்த ஒன்றுக்குத் தம்மிடம் விடை உண்டு என்று காட்டினார். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதில் 50 பவுன் இங்கே குடும்பத்துக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் அவர் 1914 மார்ச் மாதம் கப்பலேறினார். வீட்டுச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுப் போனார் என்பதையும் கவனியுங்கள்.

"நம் பிள்ளைகள் இராமானுஜன் அல்லவே சாமி" என்பீர்கள். மெய்தான். ஆனால் அவர் செய்தது மேதைகள் மட்டும் செய்யக்கூடிய காரியம் அல்ல. யாரிடம் போய்ப் படிக்க வேண்டும் என்று வாசித்துத் தெரிந்துகொண்டார். தம் வேலையைக் காட்டினார். வானியல் அறிஞர் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்தபோதே கேம்பிரிட்ஜ் பவ்லரின் எழுத்தை வாசித்து, தம் ஆய்வுக் கட்டுரையை அவருக்கு அனுப்பினார். 1930-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தோடு அவரிடமே ஆராய்ச்சி மாணவராய்ப் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு அந்தக் கட்டுரைகளைத் தேடக் கப்பல் தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் துறையின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஆசிரியரும் என்ன ஆராய்கிறார் என்று போட்டிருக்கிறது. பத்துப் பல்கலைக்கழகத்தின் தரவரிசை எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, மூன்று ஆசிரியரின் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டாவது வாசிப்பது மேல்.

இனிச் சிபாரிசுக் கடிதம். பெரும்பாலான இடங்களில் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். நாம் எழுதிக் கொடுக்கும் நற்சான்று அதற்கு உதவாது. இன்னார் நம் பங்கைச் சேர்ந்தவர், பாடற்குழுவில் பாடுகிறவர், ஒழுக்கமுள்ளவர் என்று நாம் எழுதலாம், எல்லாம் உண்மை. ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு சோதனை மூன்று முறை தவறினபோது இவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாது. அதைப் பார்த்தவர்தான் எழுத வேண்டும். நம்முடைய கல்லூரிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார் ஆசிரியர். மூன்று பேர் கடிதமும் ஒரே நடையில், ஒரே புகழுரையாக இருந்தால் படிக்கிறவர் கண்டுகொள்ள மாட்டாரா? இப்போது கடிதத்தை ஆசிரியரே தம் கல்லூரி மின்னஞ்சல் வழியாக நேரே அனுப்பும்படி பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆசிரியரிடம் சென்று, "ஐயா, உங்கள் வேலையில் ஏதாவது ஒரு சிறு பகுதியைச் செய்ய விடுங்கள்" என்று கேட்க வேண்டும். குடுவை கழுவுவதில் தொடங்கினாலும் குற்றமில்லை. ஆறு மாதம் உடனிருந்தால் எழுதுவதற்கு அவருக்கு விஷயம் இருக்கும். கடிதம் கேட்கும்போது உங்கள் மதிப்பெண் பட்டியலையும், செய்த வேலையின் குறிப்பையும், கடைசித் தேதியையும் எழுதிக் கையில் கொடுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள்.

நோக்க அறிக்கை என்று ஒன்று கேட்பார்கள். எதற்காக இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதுவது. "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் அறிக்கைகளை அங்கே மூட்டை மூட்டையாகப் பார்த்திருப்பார்கள். என்ன செய்தேன், அதில் எது புரியாமல் நின்றது, அதை இன்னாரிடம் கற்க ஏன் விரும்புகிறேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். பணம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள்.

ஆங்கிலத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்து ஆண்டு செல்லும். 2020-க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ. கேட்பதை நிறுத்திவிட்டன. தேவையா என்று பார்க்காமல் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

பணத்துக்கு வருவோம், பெற்றோர் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எல்லா வெளிநாட்டுப் படிப்பும் ஒரே விலை என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் முதுநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கைப்பணம் கட்ட வேண்டும். ஆனால் அறிவியல், பொறியியல் துறைகளில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால், வகுப்பெடுப்பதற்கோ ஆய்வுக்கூட வேலைக்கோ ஈடாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளி, மாதச் செலவுக்கும் பணம் தருவது அங்கே வழக்கம். எம்.எஸ்ஸி. முடித்த நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாததால், நேரே ஆராய்ச்சிக்கு மனுப் போடத் தகுதி இருந்தும், கடன் வாங்கி இன்னொரு முதுநிலைப் பட்டத்துக்குப் போகிறார்கள்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விலக்கும் உண்டு: ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட் நகரங்கள் உள்ள மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதிக்கிறது. கட்டணமில்லை என்றால் செலவில்லை என்று பொருளல்ல. ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான தொகையை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்; மாதாமாதம் அதிலிருந்து விடுவிப்பார்கள். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று வைக்கப்பட்டது. நீங்கள் போகும் ஆண்டில் எவ்வளவு என்று தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் பெரும்பாலோர் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பையும் முடித்துத்தான் விசாவுக்குப் போக முடியும். அதற்குக் காலம் பிடிக்கும்.

"எங்கள் ஏஜென்ட் ஒரு பைசா வாங்குவதில்லை" என்று ஒருவர் நம்மிடம் பெருமையாகச் சொன்னார். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் பல கல்விநிலையங்கள் மாணவரைச் சேர்த்துவிடுகிற முகவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயில் எப்படி வரும்? 2023-ல் கனடாவில், முகவர் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு போன இந்திய மாணவர் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உபகாரச் சம்பளங்களில் சிலவற்றையாவது அறிந்திருங்கள்: பிரிட்டனுக்குக் காமன்வெல்த், செவனிங், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி.; ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ். செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும்; படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். நிபந்தனைகளை வாசித்துக் கையெழுத்திடுங்கள். டாக்டர் அம்பேத்கர் 1913-ல் மாதம் பதினொன்றரைப் பவுன் பரோடா உபகாரச் சம்பளத்தில் கொலம்பியாவுக்குப் போனபோது, பத்து ஆண்டு அந்த சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக எழுதிக் கொடுத்துத்தான் போனார். உபகாரச் சம்பளக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917-ல் திரும்ப வேண்டியதாயிற்று.

நம் பங்கில் பல குடும்பங்களைத் தொடுகிற ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத்தின் பெரும்பகுதி பட்டியல் வகுப்பினருக்கு உரியது. 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவர்களான நம் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் அதே திட்டத்தில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை தரும் அயல்நாட்டுக் கல்வி உதவியில் கிறிஸ்தவ ஆதிதிராவிடரும் சேர்க்கப்பட்டுள்ளனர். சிறுபான்மையினருக்கு டாம்கோ வழியாகக் குறைந்த வட்டிக் கல்விக் கடன் இருக்கிறது. மத்திய அரசு கொடுத்துவந்த வட்டி மானியம் 2022-23-லேயே நின்றுவிட்டது; அதை இன்னும் கணக்கில் வைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று. மகனுடைய கட்டணப் படிப்புக்குப் பத்திரத்தை எடுத்து நீட்டுகிற வீட்டிலேயே, செலவில்லாமல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த மகளை "அவ்வளவு தூரம் எப்படிச் சாமி அனுப்புவது?" என்கிறார்கள். தூரம் இருவருக்கும் ஒன்றுதானே!

காலக் கணக்கைப் பின்னிருந்து போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஆகஸ்டு, செப்டம்பரில் வகுப்பு என்றால், மனுவின் கடைசித் தேதி பெரும்பாலும் முந்திய டிசம்பரில். ஆசிரியரிடம் கடிதம் கேட்பது செப்டம்பர், அக்டோபரில். ஆங்கிலத் தேர்வு அதற்கு முன். பண உதவியோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல அங்குள்ள மிகப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை தவணை தருகின்றன. ஆகவே முந்திய நாளே முடிவு சொல் என்று யாராவது நெருக்கினால் மிரண்டுவிட வேண்டாம். ஜெர்மனியில் பல படிப்புகளுக்கு ஜூலை 15 கடைசி நாள். பலவற்றுக்கு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

கடைசியாக, பெயர். நம் ஆட்களுக்கு இது பெரிய தொல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு வேறு பெயர். கல்லூரியில் ராஜ் என்றோ மேரி என்றோ ஓர் ஒட்டு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்றெழுத்தை அச்சிட்டுவிடுவார்கள். பிறகு வங்கியிலும் அதே பெயர்தான். பள்ளிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்திருக்கிறதா என்று மனுப் போடுவதற்கு ஓராண்டு முன்பே பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அரசிதழ் வழியாகத்தான் மாற்ற வேண்டும். நம் புத்தகத்தில் எழுதியிருப்பதை நாம் அடித்துத் திருத்த முடியாது. ஆதாரத்துக்கு நகல் தரலாம். சனிக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு வாருங்கள்; பெற்றோர் பெயரும் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டும் தெரிந்தால் கோவில்பிள்ளை புத்தகத்தை எடுத்து வைப்பார்.