அயர்லாந்துத் திறைசேரி எழுதிக் கொடுத்த பிணைமுறி



குருமாரும் துறவிகளும் சிறுவர்கள்மீது புரிந்த பாலியற் குற்றங்களை விசாரிக்க வேண்டும் என்றால், முதலில் எழுகின்ற ஆட்சேபம் பணத்தைப் பற்றியதாகவே இருக்கின்றது. குடிமக்களின் வரிப்பணத்தை இதிலே ஏன் கொட்ட வேண்டும் என்கிறார்கள். கேள்வி தவறன்று. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முழுக் கணக்கையும் கேட்க வேண்டும். அயர்லாந்தின் கணக்கு அச்சில் இருக்கின்றது. அதை உங்கள் முன் விரிக்கின்றேன்.

அந்நாட்டில் வறிய பிள்ளைகளை நீதிமன்றங்களே கைத்தொழிற் பாடசாலைகளுக்கு அனுப்பின. அவற்றை நடத்தியவை கத்தோலிக்கத் துறவறச் சபைகள். தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்ததும், மேற்பார்வை செய்யக் கடமைப்பட்டதும் அரசாங்கத்தின் கல்விப் பகுதி. அங்கு நிகழ்ந்த கொடுமைகளுக்காக 1999 மே மாதத்தில் பிரதமர் பேட்டி அஹேர்ன் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அமைந்த ஆணைக்குழுவின் அறிக்கை 2009 மே மாதத்தில் வெளிவந்தது. ஆண்பிள்ளைகளின் நிலையங்களிலே பாலியற் கொடுமை வேரூன்றியிருந்தது என அது தீர்ப்புரைத்தது.

இந்த ஆணைக்குழுவுக்கு 25 இலட்சம் யூரோவுக்கு மேற்போகாது என்று முதலில் மதிப்பிட்டார்கள். முடிவிலே கணக்கு 8 கோடி 20 இலட்சத்தை எட்டியது. உண்மையைத் தேடியதால் மட்டுமா இவ்வளவு? முதலில் தலைமை வகித்த நீதிபதி மேரி லாஃபோய், அரசாங்கத்தின் இழுத்தடிப்பைக் குறைகூறி 2003இல் விலகினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பெயர்களை வெளியிடலாகாது என்று கிறிஸ்தவ சகோதரர் சபை உயர் நீதிமன்றம் ஏறியது. ஈற்றில் அறிக்கையில் பெயர்கள் இடம்பெறவில்லை. வழக்கு நீண்டால் செலவும் நீளும் என்பதை, காணி வழக்காடிய கமக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் ஆணைக்குழுவின் செலவு சிறு பங்குதான். பெருந்தொகை நட்டஈட்டிலே இருக்கின்றது. 2002 ஜூன் மாதத்தில், தேர்தல் முடிந்து புதிய மந்திரிசபை பதவியேற்குமுன், கல்வி மந்திரி மைக்கேல் வூட்ஸ் 18 சபைகளுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். சபைகள் பணமாகவும் ஆதனமாகவும் 12 கோடி 80 இலட்சம் யூரோ கொடுக்கும். நட்டஈட்டுத் திட்டத்தில் அடங்கக்கூடியவர்கள் சபைகள்மீது வழக்குத் தொடுத்தால் அந்தப் பொறுப்பை அரசாங்கம் ஏற்கும். இதுவே அதன் சாரம். சட்டம் படித்தவன் என்ற முறையிலே சொல்கின்றேன்: கடன் எவ்வளவு என்று தெரியாமல், எல்லை குறிக்காமல் எழுதப்பட்ட பிணை இது. எங்கள் ஊர் நொத்தாரிசு ஒருவர் தம் கட்சிக்காரனை இப்படி ஒப்பமிட விட்டிருந்தால், ஊரே அவரை ஏசியிருக்கும்.

நட்டஈட்டுத் திட்டத்துக்கு 25 கோடி போதும் என்றார்கள். ஆனால் 15,500 பேருக்கு மேல் நட்டஈடு பெற்றனர். செலவு 125 கோடி அளவுக்கு ஏறிற்று. அதிலே 19 கோடிக்கு மேல் சென்றது என் தொழிலினருக்கு! அதையும் மறைப்பது முறையன்று. எல்லாம் கூட்டினால் 150 கோடி யூரோ. அறிக்கையின் பின் சபைகள் மேலும் 35 கோடி 30 இலட்சம் தருவதாக முன்வந்தன. பின்னர் அது 22 கோடி 60 இலட்சமாகச் சுருங்கியது. 2015 முடிவுவரை சபைகளிடமிருந்து கிடைத்தது மொத்தச் செலவில் 14 சதவீத அளவே என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை காட்டுகின்றது. எஞ்சியதைச் சுமந்தது திறைசேரி.

அரசாங்கத்துக்கும் இதிலே குற்றப் பங்கு உண்டு. அனுப்பியதும் அது, பாராதிருந்ததும் அது. ஆகையால் அதன் பங்கை அது கொடுப்பது நீதியே. பாதிக்குப் பாதி என்று அரசாங்கமே பின்னர் கேட்டது. கேட்கும் உரிமையைத்தான் 2002இலேயே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்களே! எனவே, சினங்கொள்ளும் வரியிறுப்பாளன் சாட்சி சொல்ல வந்தவர்கள்மீது சினங்கொள்ளலாமா? அந்தச் சாட்சிகளுக்கு நட்டஈடு கொடுத்த அதே சட்டம், பிறரை அடையாளங்காட்டும் வகையில் தாம் பெற்றதை அவர்கள் வெளியிட்டால் தண்டனை உண்டு என்றும் விதித்திருக்கின்றது.

2024 செப்டம்பரில் இன்னோர் அறிக்கை வெளிவந்தது. துறவறச் சபைகள் நடத்திய 308 பாடசாலைகளைப் பற்றி 2,395 குற்றச்சாட்டுகள் அதிலே பதிவாயின. மறுபடியும் ஆணைக்குழு அமைப்பதென அரசாங்கம் தீர்மானித்தது. நட்டஈட்டை யார் கொடுப்பது என்ற கேள்வியும் மறுபடி டப்ளினிலே எழுந்தது.